பெல்லட் அடுப்பு வாங்குமுன் குழாயைப் பற்றிக் கேளுங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் லிண்ட்சே, பீட்டர்பரோ பக்கம், எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்களில் வீடு வாங்கும் நம்மவர்கள் குளிர் நெருங்கும்போது என்னை அழைத்துக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டைச் சூடாக்க எந்தப் பெல்லட் அடுப்பு நல்லது?" அடுப்பைப் பற்றி அரை மணி நேரம்கூடப் பேசுவார்கள். புகை எப்படி வெளியே போகும், காற்று எங்கிருந்து உள்ளே வரும் என்று கேட்பவர் அரிது. நான் திருத்தப் போகும் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

பெல்லட் எனும், மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளைத் தொட்டியில் கொட்டினால், ஒரு திருகு சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்துக்குள் போடும். புகையை வெளியே தள்ள ஒரு மின்விசிறி உண்டு. விறகடுப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அந்த விசிறிதான். விறகடுப்பில் சூடான புகை தானாக மேலே ஏறும். இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் பெரும்பாலும் வீட்டுக் காற்றுதான் குழாய்க்குள் இழுபடும். பெல்லட் அடுப்பில் நிலைமை தலைகீழ். விசிறி தள்ளுவதால் குழாய்க்குள் அழுத்தம் கூடுதல். ஊசி நுழையும் இடைவெளி போதும், புகையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அறைக்குள் வந்துவிடும்.

அதனால் பெல்லட் அடுப்புக்கென்று சான்று பெற்ற இரட்டைச் சுவர்க் குழாய் மட்டுமே போட வேண்டும். துணி உலர்த்திக்குப் போடும் மெல்லிய மடிப்புக் குழாய் மாட்டியிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். எரிவாயு அடுப்புக்கான 'பி' வகைக் குழாயும் ஆகாது. இணைப்புகளில் தயாரிப்பாளர் சொன்ன வளையமோ உயர்வெப்ப சிலிக்கானோ இருக்க வேண்டும். கசிவைப் பார்க்க எளிய வழி உண்டு. அடுப்பு பற்றும் முதல் சில நிமிடங்களில்தான் வெள்ளைப் புகை நிறைய வரும். அப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் குழாயின் மேல் சாய்வாகப் பிடியுங்கள். கசிகிற இடத்தில் புகை மெல்லிய நூலாக எழும்புவது தெரியும்.

குழாய் போகும் பாதைக்கும் ஒரு கணக்கு உண்டு. பல கையேடுகளில் 90 பாகை வளைவு ஒன்று 5 அடிக் குழாய்க்குச் சமம். கிடையாகப் போகும் ஓர் அடி ஓர் அடிதான், நேராக மேலே போகும் ஓர் அடி அரை அடி. மொத்தம் 15 அடியைத் தாண்டினால் 3 அங்குலக் குழாயை விட்டு 4 அங்குலத்துக்குப் போக வேண்டும். சுத்தம் செய்வதற்கான 'டீ' இணைப்பும் வளைவாகவே எண்ணப்படும். ஒரு டீ, இரண்டு வளைவு என்றாலே எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். உங்கள் அடுப்பின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதுதான் செல்லும்.

செலவு குறைவு என்று சுவரில் ஓட்டை போட்டு நேரே வெளியே விடச் சொல்கிறார்கள். பல அடுப்புகளில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் கரண்ட் போனால் விசிறி நின்றுவிடும், கிண்ணத்தில் இருப்பதோ புகைந்துகொண்டே இருக்கும். குழாயில் ஏற்றமே இல்லாவிட்டால் அந்தப் புகை அடுப்பு வழியாக வீட்டுக்குள் திரும்பும். 3 முதல் 5 அடி வரை நேராக மேலே ஏற்றிவிட்டால் விசிறி இல்லாமலே புகை ஓரளவு இழுபடும். 2013 டிசம்பர் பனிமழையையும், 2025 மார்ச் கடைசியில் பீட்டர்பரோ, ஒரிலியா பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததையும் நினைத்தால், அந்த ஏற்றத்துக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

குழாயின் வெளி வாய் திறக்கக்கூடிய ஜன்னலுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ இருந்தால் பொதுவாக 4 அடி தள்ளி இருக்க வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி போதும் என்று கையேடு சொல்லும். அது பனி இல்லாத தரைக்கு. ஜனவரியில் உங்கள் சுவரோரம் பனி எவ்வளவு உயரம் குவிகிறது என்று பார்த்து, அதற்கு மேலே வையுங்கள்.

இனி காற்று. போன குளிர்காலத்தில் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். "தம்பி, பகலில நல்லா எரியுது. பின்னேரம் ஆனா நெருப்பு மங்குது, கண்ணாடி கறுக்குது."

"அண்ணை, அந்த நேரம் குசினியில என்ன நடக்குது?"

சமையல்தான். சமையல் அடுப்புக்கு மேலே நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை வெளியேற்றும் பெரிய விசிறி. பொரிக்கிற மணம் வீட்டில் தங்கக்கூடாது என்று நம் வீடுகளில் அதை உச்சத்தில்தான் ஓடவிடுவோம், சரி. புது வீடு, காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டியது. நான் அந்த விசிறியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். துடிப்பாக நின்ற மஞ்சள் சுடர் நீண்டு, செம்மஞ்சளாகி, சோம்பலாக ஆடியது, நுனியில் கரி. ஜன்னலை இரண்டு விரல் திறந்ததும் சுடர் நிமிர்ந்தது. அடுப்பில் ஒரு குறையும் இல்லை, அதற்கு மூச்சுவிடக் காற்றில்லை.

இதற்குத் தீர்வு, வெளியிலிருந்து அடுப்புக்கே நேராகக் காற்றுக் கொண்டுவரும் தனிக் குழாய். பெரும்பாலும் 2 அங்குல உலோகக் குழாய் போதும். பிளாஸ்டிக் வேண்டாம், நெருப்பு பின்வாங்கினால் உருகும். கராஜிலிருந்தோ கூரைக்கு அடியிலிருந்தோ காற்று எடுக்கவே கூடாது. முடிந்தவரை புகை வெளியேறும் அதே சுவரில், புகையை மீண்டும் இழுக்காத தூரத்தில் வைத்தால், காற்று பலமாக வீசும்போது இரண்டு வாயிலும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். எலி புகாமல் கால் அங்குலக் கண்ணுள்ள வலை போடுங்கள். அதைவிடச் சிறிய கண் உறைபனியில் அடைத்துக்கொள்ளும். கடுங்குளிரில் உள்பக்கக் குழாய் வியர்க்கும். தீப்பற்றாத காப்புறை சுற்றினால் தரை நனையாது. பல கையேடுகள் வெளிக்காற்றுக் குழாயை 'விரும்பினால்' என்று சொல்லும், நகர்த்தக்கூடிய வீடுகளுக்குக் கட்டாயம் என்னும். புது வீடு எதற்கும் நான் இதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

காற்றோட்டம் சரியில்லாவிட்டால் அடுப்பிலுள்ள அழுத்த ஸ்விட்ச் பெல்லட் விழுவதை நிறுத்திவிடும். அடிக்கடி நிற்கிறதே என்று அதன் இரண்டு கம்பிகளையும் நேரடியாக முடிந்து வைத்திருக்கிறார்கள் சிலர், வீடியோ பார்த்து. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழாய் அடைபட்டிருக்கிறது என்று சொல்லத்தான் அது நிற்கிறது.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக்கில் ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். எரிவாயு நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டு, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்தது. 2013இல் நிறைவேறிய, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பற்றிய ஹாக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் அதன் பிறகு வந்ததுதான். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் கருவி இருப்பது சட்டம். அடுப்பு இருக்கும் தளத்திலும் ஒன்று இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் காய்ச்சல் என்று படுக்காமல், வெளியே போய் 911ஐ அழையுங்கள்.

கட்டட அனுமதியும் 'வெட்' (WETT, விறகு, பெல்லட் அடுப்புத் துறைப் பயிற்சி) சான்றுள்ளவரின் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் காப்புறுதி நிறுவனங்கள் பல ஏற்பதில்லை. விலை கேட்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: மொத்தக் குழாய் நீளம், வளைவுகள் எத்தனை, வெளி வாய் எங்கே, வெளிக்காற்றுக் குழாய் உண்டா, சுத்தம் செய்யும் மூடி கைக்கு எட்டுமா. 40 இறாத்தல் பைகள் ஐம்பது எரிந்ததும் அந்த மூடியைத் திறந்து சாம்பலைத் தட்ட வேண்டியவர் நீங்கள்தான்.