பாடத் தலைப்பை மறைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

"பாடவாரியாகப் பயிற்சி செய்யும்போது பத்துக்கு ஒன்பது சரியாக வருகிறது. முழு மாதிரித் தேர்வில் அதே பாடங்களிலிருந்து வரும் கேள்விகளில் பாதிகூடத் தேறுவதில்லை. பதற்றமா, மறதியா?" என்று நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் மாதிரித் தேர்வு கேட்கிற ஒரு வேலையை அவருடைய பயிற்சி இதுவரை கேட்டதே இல்லை என்பதுதான் முக்கியக் காரணமாக இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். 10 கிராம் தோட்டா ஒன்று நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்து, நூலில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டைக்குள் புதைந்து நிற்கிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம்.

"வேகம் கொடுத்திருக்கிறார்கள், உயரம் கேட்கிறார்கள், ஆற்றல் மாறா விதிதான்" என்று கை தானாக ஓடும். தோட்டாவின் இயக்க ஆற்றல் 800 ஜூல். அதை மொத்த நிறை 2 கிலோவின் நிலையாற்றலுக்குச் சமன்படுத்தினால் உயரம் 40 மீட்டர். நான்கு விடைகளில் 40 மீட்டரும் நிச்சயம் இருக்கும். எந்த இடத்தில் வழுக்குவோம் என்று தெரிந்துதான் வினா எடுப்பவர் அதை அங்கே வைத்திருப்பார்.

தோட்டா கட்டைக்குள் புதைவது மீட்சியற்ற மோதல். அந்தக் கணத்தில் மாறாமல் இருப்பது உந்தம்தான் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது), இயக்க ஆற்றல் அல்ல. 0.01 × 400 = 4; அதை 2 கிலோவால் வகுத்தால் மோதலுக்குப் பின் வேகம் நொடிக்கு 2 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் வெறும் 4 ஜூல். மீதி 796 ஜூலும் மரத்தைக் கிழிப்பதிலும் வெப்பமாகவும் போய்விட்டது. ஆற்றல் மாறா விதியை இனிமேல்தான் எடுக்க வேண்டும்: உயரம் 0.2 மீட்டர். இருநூறு மடங்கு வித்தியாசம்!

இதே கணக்கு 'உந்தமும் மோதலும்' என்ற தலைப்பின்கீழ் எட்டாவதாக வந்திருந்தால் யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள். உந்தத்தில் தொடங்கு என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. 'வேலையும் ஆற்றலும்' பாடத்திலோ பதினைந்து கணக்குக்கும் ஒரே சமன்பாடு. மூன்றாவது கணக்குக்குப் பிறகு நாம் கேள்வியைப் படிப்பதே இல்லை, எண்களை மட்டும் பொறுக்கிப் பழைய வரியில் போடுகிறோம். இரண்டு பாடத்திலும் முழு மதிப்பெண் வந்துவிடும். ஆனால் 'இங்கே எந்த விதி?' என்று முடிவெடுக்கும் வேலை ஒருமுறைகூட நடந்திருக்காது. நுழைவுத் தேர்வில் தலைப்பு கிடையாது.

இதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். ரோரர், டெய்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் அதிகம் பழக்கமில்லாத நான்கு திண்ம வடிவங்களின் கன அளவைக் கணக்கிடப் பழகினார்கள். ஒரு குழு வடிவம் வடிவமாகப் போட்டது. இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது முதல் குழுவுக்கு 89 விழுக்காடு சரி, கலந்து போட்டவர்களுக்கு 60 தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20-க்கு விழுந்தது. கலந்து போட்டவர்கள் 63.

அந்த 89-ஐத்தான் நாம் 'நன்றாகப் படித்துவிட்டேன்' என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான கைடுகளும் இப்படியே பாடவாரியாக அடுக்கப்பட்டவை. அச்சிட வசதி, மாணவருக்கும் தெம்பு. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் 'கற்றல் பாணி' உண்டு, அதற்கேற்பச் சொல்லித்தர வேண்டும் என்ற நம்பிக்கை, போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே ஆய்வாளர்கள் அலசிச் சொன்ன பிறகும் விலைபோகிறது. கேள்விகளைக் கலைத்துப் போடச் செலவே இல்லை, அதனால்தானோ என்னவோ இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

எப்படிக் கலப்பது? புதிய பாடம் என்றால் முதலில் ஐந்தாறு கணக்குகளைத் தொடர்ச்சியாகவே போடுங்கள். சமன்பாடு கையில் படியாமல் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். பிறகு அந்தப் பாடத்தோடு, பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மூன்று பழைய பாடங்களைச் சேர்த்து இருபது கேள்விகள் எடுங்கள். உந்தத்தோடு ஆற்றல், வரிசை மாற்றத்தோடு சேர்மானம் என்று குழம்பக்கூடியவையாக இருக்க வேண்டும். உந்தத்தோடு தாவரவியலைக் கலப்பதில் பயனில்லை, அங்கே குழம்ப எதுவும் கிடையாது.

தலைப்பையும் நான்கு விடைகளையும் ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள். கணக்கைத் தொடங்குமுன் ஒரே வரி: எந்த விதி, கேள்வியில் எந்தச் சொல்லால் அதைக் கண்டுகொண்டேன். மேலே உள்ள கணக்கில் 'புதைந்து' என்பதே அந்தச் சொல். நேரமில்லாத நாளில் அந்த ஒரு வரியை மட்டும் இருபது கேள்விகளுக்கு எழுதினாலும் போதும், கணக்கைப் போடவே வேண்டாம்.

திருத்தும்போது சரி, தவறு என்று மட்டும் குறிக்காதீர்கள். கூட்டலில் சறுக்கியதும் விதியைத் தவறாக எடுத்ததும் ஒரே தவறல்ல. விதி தவறியவற்றைத் தனியே எழுதி, மூன்று நாள் கழித்தும் மீண்டும் ஒரு வாரம் கழித்தும், தீர்வைப் பார்க்காமல் வெற்றுத் தாளில் போடுங்கள். தீர்வைப் படித்துத் தலையாட்டுவது பயிற்சி ஆகாது.

விடைகளை அன்றே சரிபார்ப்பதும் அவசியம். கொள்குறி வினாவில் தவறான விடையைத் தேர்ந்துவிட்டுத் திருத்தாமல் விட்டால், அந்தத் தவறே பின்னாளில் சரியான விடையாக நினைவுக்கு வரக்கூடும் என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். ஆகவே பயிற்சியில் ஊகித்துப் போட்ட விடைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சரியாக இருந்தாலும் அதைத் தெரியாத கேள்வியாகவே கணக்கில் வையுங்கள். தேர்வறையில் நிலைமை வேறு. சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1 என்ற முறையில், நான்கில் ஒரு விடையை உறுதியாக ஒதுக்க முடிந்தால் மீதி மூன்றில் ஊகிப்பதற்குச் சராசரியாக 0.67 மதிப்பெண் கிடைக்கும். எதையும் ஒதுக்க முடியாத குருட்டு ஊகத்துக்குச் சராசரி 0.25 தான்.