சொல் விளக்கம்: அசிட்டல்

பழைய மின் தட்டச்சுப்பொறியில் உடைந்த வெள்ளைப் பற்சில்லொன்றைப் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் காட்டினால் ஒருவர் ‘நைலோன்’ என்பார், அடுத்தவர் ‘டெல்ரின்’ என்பார். இரண்டும் வேறு வேறு. டெல்ரின் என்பது அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனம் இட்ட வணிகப் பெயர். பொருளின் பெயர் அசிட்டல், ஒருவகைப் பிளாத்திக்கு. இரசாயனவியலில் பொலிஒட்சிமெதிலீன்.

இலத்தீனில் ‘அசீட்டம்’ என்றால் வினாகிரி. அதன் வழிவந்த ‘அசிட்டல்’, ஒரே காபன் அணுவில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்த சேர்வைகளைக் குறிக்கும். சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த இந்தப் பல்பகுதியத்தில், சங்கிலி முழுவதும் அந்தப் பிணைப்புத்தான். மூலப்பொருளோ போமல்டிகைட்டு வாயு, அந்தப் பெயரின் முன்பாதி இலத்தீன் எறும்பிலிருந்து வந்தது. வினாகிரியும் எறும்பும் கூடிப் பற்சில்லானது வேடிக்கைதான்.

1920களிலேயே ஜெர்மன் இரசாயனவியலாளர் ஸ்டவுடிங்கர் இதை ஆராய்ந்தார். ஆனால் சூடாக்கினால் சங்கிலி நுனியிலிருந்து அவிழ்ந்து மீண்டும் வாயுவாகிவிடும். நுனிகளை அசற்றேற்றுக் கூட்டங்களால் அடைத்த பிறகே அது உருக்கி வார்க்கத் தக்கதாயிற்று; 1960இல் டெல்ரின் சந்தைக்கு வந்தது. அலுவலக இயந்திரங்களுக்கு வேண்டியதும் இதுவே: குறைந்த உராய்வு, குறைந்த சத்தம், காகிதத்தில் கறைபடுத்தும் எண்ணெய் அதிகம் தேவைப்படாத பற்சில்லு. கொழும்பின் ஈரக்காற்றில் இன்னொரு வேறுபாடும் முக்கியம். நைலோன் 66 நீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் வரை உறிஞ்சிப் பருக்கும். அசிட்டல் ஏறத்தாழ 1 சதவீதத்தோடு நின்றுவிடும். பல்லிடை வெளி நெருக்கமான இடத்தில் இதுவே பெரிய விடயம்.

இனித் தமிழ்ச் சொல். அசிட்டல், நைலோன் போன்றவற்றுக்குப் பொதுப்பெயராக ‘பொறியியல் நெகிழி’ வழங்குகிறது; இலங்கையில் ‘பிளாத்திக்கு’ என்று எழுதும் மரபும் உண்டு. நெகிழ்தல் என்றால் இளகுதல், தளர்தல். தளரவே கூடாத உறுப்புக்கு அந்தப் பெயர் எனக்கு உறுத்துகிறது. மூலமான கிரேக்கச் சொல் ‘பிளாஸ்டிகோஸ்’ உருக்கொடுக்கத் தக்கது என்றே சொல்கிறது. அதற்குக் ‘குழைமம்’ நெருங்கி நிற்கிறது: குழைத்து உருவாக்கிய பின் இறுகியே இருக்கலாம். ஆகவே ‘பொறியியற் குழைமம்’ என்பேன். அசிட்டலை மட்டும் அப்படியே விடுவது நல்லது. ‘வினாகிரி’ என்று பெயர்த்தால் யாரும் ஊறுகாயைத்தான் நினைப்பார்கள். கடைசல்காரருக்கு எழுதும் சீட்டில் ‘அசிட்டல் பற்சில்லு’ போதும். அந்த வணிகப் பெயர்கொண்ட பொருளே வேண்டுமென்றால் மட்டும் ‘டெல்ரின்’.