கருமணலில் ஒளிந்திருக்கும் சிர்கான்

கடலூர் சில்வர் பீச்சில் அலை வழிந்து திரும்பும் இடத்தில் மணல்மேல் கருப்பாக வரிவரியாகப் படிந்திருக்குமே, அதில் ஒரு காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள், மேக்னடைட் என்ற இரும்புத் தாதுத் துகள்கள் முள்முள்ளாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சுவதில் கார்னெட் என்ற கனிமம் இருக்கும், கொஞ்சம் சிர்கான் என்ற கனிமமும் இருக்கும். பெண்ணையாறு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளைத் தேய்த்து அடித்துக்கொண்டு வரும் சரக்கில் இதுவும் உண்டு. அந்தப் பாறைகளில் பலவற்றுக்கு 250 கோடி வயது. பாறை கரைந்து போனாலும் சிர்கான் போகாது, அவ்வளவு கெட்டி. பூமியின் ஆரம்ப நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தக் கெட்டித்தனத்தால் கிடைத்ததுதான்.

சூரியன் உருவானபோது மிஞ்சிய வாயுவும் தூசியும் அதைச் சுற்றித் தட்டாகச் சுழன்றன. கட்டிலுக்கடியில் தூசி திரள்வதுபோலத் துகள்கள் ஒட்டிக்கொண்டது வரை சரி, கூழாங்கல் அளவு வந்ததும்தான் சிக்கல். மோதினால் ஒட்டாமல் எகிறும், இல்லை உடையும். கூழாங்கற்கள் ஓரிடத்தில் நெரிசலாகச் சேர்ந்து, தங்கள் ஈர்ப்பாலேயே பல கிலோமீட்டர் அகலப் பாறைகளாகத் திரண்டிருக்கலாம் என்கிறார்கள். அப்புறம் அவற்றைக் கோள்களாகச் சேர்ப்பதை ஈர்ப்பு பார்த்துக்கொண்டது. 1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லில் இருக்கும் வெள்ளைத் துணுக்குகளின் வயது சுமார் 457 கோடி ஆண்டு. அந்தத் தட்டில் முதன்முதலில் திடமானவை அவைதான் என்பதால் சூரியக் குடும்பத்தின் வயதும் அதுதான்.

பிறகு செவ்வாய் அளவிலான ஒன்று பூமிமேல் மோதி, சிதறியதில் நிலா உருவானது, பூமி உருகிய பாறைக் கடலானது. ஆவணப்படங்கள் அந்தக் கொதிப்பையே விடாமல் காட்டுகின்றன, ஏதோ பூமி 50 கோடி ஆண்டு அப்படியே கிடந்த மாதிரி. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்கான்கள் வேறு கதை சொல்கின்றன. அவை கிடப்பது சுமார் 300 கோடி ஆண்டுப் பாறைக்குள், ஆனால் சிலவற்றின் வயது 440 கோடி வரை போகிறது. அவை பிறந்த பாறை எப்போதோ காணாமல் போய்விட்டது.

வயது எப்படித் தெரியும்? சிர்கான் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட விடவே விடாது. ஆக உள்ளே இருக்கும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு சுமார் 70 கோடி. இரண்டு கணக்கும் ஒரே வயதைக் கொடுத்தால் நம்பலாம்.

இதைவிடச் சுவாரசியம் ஆக்சிஜன். அந்தச் சிர்கான்கள் சிலவற்றில் கனமான ஆக்சிஜன்-18 வழக்கத்தைவிடக் கூடுதல். திரவ நீர் பட்டு மாறிய பாறை மறுபடி உருகினால் அப்படி வரும். அதாவது சுமார் 430 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் தண்ணீர் இருந்திருக்கிறது. ஆனால் அன்றைய சூரியனின் ஒளி இப்போதைவிட 25, 30 சதவீதம் குறைவு, நியாயமாகப் பார்த்தால் அந்தத் தண்ணீர் உறைந்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நிறைந்த கனத்த வளிமண்டலம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கலாம் என்கிறார்கள், எவ்வளவு இருந்தது என்பதில் இன்னும் சண்டை.