பார்வையற்றவரின் கோல்ஃப்: பயிற்றுநர் எங்கே நிற்க வேண்டும், எங்கே விலக வேண்டும்

கோவையில் குறைபார்வை மறுவாழ்வுப் பணியில் இருப்பதால், சர்க்கரை நோயாலோ கண் நீர் அழுத்த நோயாலோ பார்வையை இழந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களை அவ்வப்போது சந்திக்கிறேன். மில்லும் பவுண்டரியும் நடத்தி, ஞாயிறுதோறும் செட்டிபாளையம் மைதானத்துக்குத் தவறாமல் போய்வந்த இவர்களுள் பலர், பார்வை போனவுடன் மட்டைப் பையைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். இனி ஆடினால் யாராவது கையைப் பிடித்து அடிக்கவைக்க வேண்டும், அது தமக்கு இழுக்கு என்பது அவர்களது எண்ணம். உண்மையில், அப்படிக் கையைப் பிடித்து அடிக்கவைப்பதைக் கோல்ஃப் விதிகளே அனுமதிப்பதில்லை.

பார்வையற்றோர் கோல்ஃப் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் துலூத் நகரைச் சேர்ந்த கிளின்ட் ரசல், பார்வையை இழந்தபின் 1925ஆம் ஆண்டிலேயே ஆடத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சார்லி பாஸ்வெல், அந்நாட்டின் பார்வையற்றோர் தேசியப் பட்டத்தைப் பதினாறு முறை வென்றார். உடற்குறைபாடு உள்ள ஆட்டக்காரர்களுக்கான மாற்றங்கள் 2023ஆம் ஆண்டுமுதல் பொது விதிநூலிலேயே 25ஆம் விதியாக இடம்பெற்றுள்ளன. ஆகவே எந்த மைதானமும் இதை ஒரு சலுகையாகக் கருத வேண்டியதில்லை.

பார்வையற்றவர் என்றால் முழு இருட்டில் இருப்பவர் மட்டும் அல்லர். போட்டிகளில் பி1, பி2, பி3 என்று மூன்று வகுப்புகள் உள்ளன. பி1 வகுப்பினருக்கு ஒளியே தெரியாது, அல்லது ஒளி தெரிந்தாலும் கையின் வடிவம் தெரியாது. பி2 என்பது 2/60 வரையிலான பார்வை (மற்றவர்கள் அறுபது மீட்டரில் காண்பதை இரண்டு மீட்டரில்தான் காண முடிவது) அல்லது ஐந்து பாகைக்குக் குறைந்த பார்வைப் புலம் (தலையைத் திருப்பாமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு). பி3 என்பது 6/60 வரையிலான பார்வை அல்லது இருபது பாகைக்குக் குறைந்த பார்வைப் புலம். புலம் சுருங்கிய ஒருவர், தொலைவிலுள்ள கொடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த அடியில் காலடியிலிருக்கும் மணல்குழியில் இடறக்கூடும். "கொடி தெரியுதுங்கறாரு, அப்பறம் எதுக்குங்க ஆள்?" என்று முணுமுணுக்கும் சக ஆட்டக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சங்கடம் தீரும்.

இனி பயிற்றுநரைப் பற்றி. விதிநூல் உதவியாளர் என்று குறிப்பிடுபவரைத்தான் மைதானத்தில் கோச் என்கிறோம். ஒரே நேரத்தில் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்யலாம். இருவர் உதவினால், அப்படி நடந்த ஒவ்வொரு துளைக்கும், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும், ஆட்டக்காரருக்குத் தண்டனை உண்டு. அவரைத் தவிர, மட்டைப் பையைச் சுமந்து வரும் கேடி ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம், இருவரிடமும் ஆலோசனை கேட்கலாம். பார்வையுள்ளவர்கள் ஆடும்போது, ஆட்டக்காரர் நிலையெடுக்கத் தொடங்கியபின் பந்துக்குப் பின்னால், அடிக்கும் திசையின் நேர்கோட்டில் கேடி வேண்டுமென்றே நிற்கக் கூடாது. பார்வையற்றவருக்கு அந்தத் தடை தளர்த்தப்படுகிறது. கால் வைப்பதற்கும் திசை பார்ப்பதற்கும் கோச் உதவலாம். ஆனால் அடி விழும் நேரத்தில் மட்டையில் இருப்பவை ஆட்டக்காரரின் கைகளாக மட்டுமே இருக்க வேண்டும்.

இந்தத் தருணத்தை எத்தனை கோச்சுகள் அவசரத்தில் கெடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். தோளைப் பிடித்துத் திருப்புகிறார்கள், இடுப்பைத் தள்ளுகிறார்கள், "இந்தப் பக்கமுங்க, இல்லீங்க, அந்தப் பக்கம்" என்கிறார்கள். திசையே தெரியாதவருக்கு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? பழகிய கோச் முழங்காலிட்டு, மட்டையின் தலையைப் பிடித்துப் பந்துக்கு நேர் பின்னால் வைக்கிறார். முகப்பை இலக்கை நோக்கித் திருப்புகிறார். "இடது காலை மட்டும் ரெண்டு விரக்கடை பின்னால வைங்ணா" என்கிறார். ஆட்டக்காரர் மட்டையை அசைக்காமல் காலைச் சரிசெய்கிறார். பின்பு கோச் எழுந்து, மட்டை சுழலும் வட்டத்துக்கு வெளியே போய், "விலகிட்டனுங்க" என்று வாய்விட்டுச் சொல்கிறார். அந்தச் சொல் வரும்வரை மட்டையைத் தூக்குவதில்லை என்ற ஒப்பந்தத்தை இருவரும் முதல் நாளே செய்துகொள்ள வேண்டும். கோச்சின் மண்டை தப்புவது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

மணல்குழியில் இன்னொரு தளர்வு உண்டு. மற்றவர்கள் அடிக்குமுன் பந்துக்கு முன்னும் பின்னும் மட்டையால் மணலைத் தொடக் கூடாது. பார்வையற்றவர் தொடலாம், மட்டையைப் பின்னுக்கு இழுக்கையில் மணல் உரசினாலும் குற்றமில்லை. ஆனால் மணலின் இறுக்கத்தைச் சோதிப்பதற்கோ பந்து கிடக்கும் இடத்தைச் சீராக்குவதற்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது. குழிக்குள் அழைத்துச் செல்லும்போது கோச் ஆட்டக்காரரின் கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கைக்கு மேலே அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரையடி முன்னால் நடக்க வேண்டும். இறக்கம் எத்தனை அடி என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

துளையைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில் அவசரம் வேண்டாம். பந்திலிருந்து துளைவரை, பந்து உருளும் கோட்டை மிதிக்காமல், பக்கவாட்டில் இருவரும் சேர்ந்து நடந்தால், தொலைவைக் காலடிக் கணக்கும் சரிவைப் பாதமும் சொல்லிவிடும். அதன்பின் ஒருவர் கொடிக்கம்பைத் துளைக்குள் மெல்லத் தட்டி ஓசை எழுப்பினால் இலக்கு காதுக்குக் கிடைக்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செட்டிபாளையத்தில் வீசும்போது அந்த ஓசை கரைந்துவிடும். அப்போது கோச் துளைக்கருகில் போய்க் குரல் கொடுப்பதே வழி. அதே காற்றைக் கன்னத்தில் உணர்ந்து, மட்டையைத் தாமே மாற்றிக் கேட்கும் ஆட்டக்காரர்களும் உண்டு. அந்த முடிவை அவரிடமே விட்டுவிட வேண்டும். கேட்டால் ஆலோசனை சொல்லலாம். கேட்காமலே மட்டையைக் கையில் திணிப்பது உதவியாகாது.

உடன் ஆடுபவர்கள் விதியையும் மரியாதையையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். கொடிக்கு எத்தனை யார்டு, மணல்குழி எந்தப் பக்கம் என்பன போன்ற பொதுத் தகவல்களை எவரும் சொல்லலாம். எந்த மட்டையை எடுப்பது என்பது ஆலோசனை, எதிராளி அதைச் சொல்லக் கூடாது. பேச வேண்டியதை ஆட்டக்காரரிடமே பேச வேண்டும். "அண்ணனுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்று கோச்சிடம் கேட்பது, அவர் அங்கேயே இல்லாததுபோல் ஆக்கிவிடுகிறது. கோச்சின் குரல் மட்டுமே அவருக்கு வழிகாட்டி என்பதால், மற்றவர்கள் வழக்கத்தைவிட அமைதி காக்க வேண்டும். அடித்த கணத்தில் "சூப்பர் ஷாட்" என்று கத்தினால், பந்து விழும் ஓசையை அவரால் கேட்க முடியாமல் போகிறது. பந்து புதருக்குள் போயிருந்தால் போய்விட்டது என்று கோச் உடனே சொல்ல வேண்டும். மட்டையில் பட்ட ஓசையிலேயே அவர் பாதியை ஊகித்திருப்பார். பொய்ப் பாராட்டு கோச்சின் மேலுள்ள நம்பிக்கையைத்தான் குறைக்கும்.

நேரத்தைப் பற்றியே புகார்கள் அதிகம். ஓர் அடியை நாற்பது நொடிக்குள் முடிப்பது பொதுவான பரிந்துரை. ஆனால் உடற்குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் தாமத விதியைக் கடுமை குறைத்துக் கையாளவும் 25ஆம் விதி இடமளிக்கிறது. பந்தைத் தேடும் மூன்று நிமிடம் மட்டும் மாறாது. ஆகவே கோச்சுக்கும் கேடிக்கும் கூர்மையான கண் வேண்டும். போட்டி நடத்துபவர்கள் இந்தக் குழுவை இடையில் நுழைக்காமல் கடைசியில் புறப்பட வைத்து, தளர்வு எந்த அளவுக்கு உண்டு என்பதைக் கேடிகள் உட்பட எல்லோருக்கும் காலையிலேயே அறிவித்துவிட்டால், பதினெட்டாம் துளைவரை யாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.