36 என்றால் கிக்

ரெக்கார்டிங் மென்பொருளில் முதல்முறை டிரம்ஸ் அமைக்க உட்கார்ந்தேன். கையிலிருந்த குறிப்பில், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக்குக்கு சி2 என்ற சுரம் என்று போட்டிருந்தது. கீபோர்டில் சி2 கட்டையை அழுத்தினால், 'தும்' என்று வரவேண்டிய இடத்தில் குச்சியால் அடிக்கும் டாம் என்ற டிரம் 'டொம்ம்' என்றது. டிரம் ஒலியைத் தரும் துணை மென்பொருளான பிளக்-இன்னை நீக்கி மறுபடி நிறுவினேன். கேபிளை மாற்றினேன். அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் எதிலும் கோளாறில்லை. கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கீபோர்டோ டிரம் பேடோ கணினிக்கு அனுப்புவதில் ஒலி என்று எதுவும் கிடையாது. வெறும் எண்கள். 1983-இல் வந்த மிடி என்ற ஏற்பாடுதான் இன்றும் இந்த எண்களுக்கு இலக்கணம். ஒரு கிக்கை ஓங்கி அடித்தால் புறப்படும் செய்தி மொத்தமே மூன்று எண்கள்: 153, 36, 100. முதல் எண், 'பத்தாவது சேனலில் ஒரு சுரம் தொடங்குகிறது' என்கிறது. இரண்டாவது, எந்தச் சுரம் என்கிறது. மூன்றாவது, அடி எவ்வளவு வேகமாக விழுந்தது என்கிறது. இதற்கு வெலாசிட்டி என்று பெயர், 1 முதல் 127 வரை போகும். பியானோவுக்கு 36 என்றால் ஒரு தாழ்ந்த சுரம். டிரம்ஸில் அந்த எண் விலாசமாகிவிடுகிறது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி ஒப்பந்தப்படி 36 கிக், 38 ஸ்நேர் (அடியில் கம்பிகள் உள்ள டிரம்), 42 மூடிய ஹை-ஹேட் (ஜோடித் தாளத்தட்டு), 46 திறந்த ஹை-ஹேட், 49 கிராஷ், 51 ரைடு (இரண்டும் தனித் தட்டுகள்). பத்தாவது சேனலே டிரம்ஸுக்கென்று ஒதுக்கியதுதான்.

சரி, என் டாம் எங்கிருந்து வந்தது? எண் 60, அதாவது பியானோவின் நடு சி. இதைச் சில நிறுவனங்கள் சி3 என்கின்றன, சில சி4 என்கின்றன. மிடி எண்ணைத்தான் நிர்ணயித்தது. பெயரை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. ஆக, 36 என்பது ஒரு கட்சிக்கு சி1, இன்னொரு கட்சிக்கு சி2. குறிப்பை எழுதியவர் இரண்டாவது கட்சி, என் மென்பொருள் முதல் கட்சி. நான் அழுத்திய சி2 இங்கே 48. அந்த விலாசத்தில் குடியிருப்பது டாம். கட்சிகள் இடம் மாறியிருந்தால் 24 போயிருக்கும். பல கிட்களில் (டிரம் தொகுப்புகளில்) அந்த வீட்டில் ஆளே இல்லை, சத்தமே வந்திருக்காது. அன்றிலிருந்து நான் எழுத்தை நம்புவதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறேன். பெரிய டிரம் பிளக்-இன்கள் பலவும் தங்களுக்கென்று தனி விலாசப் பட்டியல் வைத்திருக்கும். அமைப்புப் பக்கத்தில் 'மேப்' என்ற இடத்தில் ஜெனரல் மிடியையோ நம் பேட் கிட்டின் பெயரையோ தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

எண்ணை ஒலியாக்குவது பிளக்-இன். அதனால் மென்பொருளில் அது உட்காரும் டிராக்குக்கு, அதாவது பதிவு வரிசைக்கு, ஒரு பக்கம் மிடி நுழையவேண்டும், மறுபக்கம் ஆடியோ வெளியே வரவேண்டும். இதற்கென்று இருப்பதுதான் இன்ஸ்ட்ருமென்ட் டிராக். சத்தம் வரவில்லை என்றால் முதலில் மீட்டர்களைப் பாருங்கள். மிடி மீட்டர் துள்ளுகிறது, ஆடியோ மீட்டர் அசையவில்லை என்றால், பெரும்பாலும் விலாசச் சிக்கல், இல்லாவிட்டால் கிட் இன்னும் லோடாகவில்லை. மிடி மீட்டரே துள்ளவில்லையா? டிராக்குக்கு உள்ளீடு தேர்ந்தெடுக்கவில்லை, அல்லது அந்த டிராக்கின் ரெக்கார்டு பொத்தானை அழுத்தவில்லை.

இப்போது பிளக்-இன்னுக்குள் எட்டிப் பார்ப்போம். நிஜ டிரம்மை முன்பே பதிவுசெய்து, பொத்தானைத் தட்டினால் ஒலிக்க வைக்கும் யோசனை 1980-இல் ரோஜர் லின்னின் எல்எம்-1 கருவியில் வந்துவிட்டது. அதில் ஒரு டிரம்முக்கு ஒரு பதிவு. அங்கேதான் சிக்கல். ஸ்நேரை ஓங்கி அடித்தால் சத்தம் மட்டுமா கூடுகிறது? தோல் ஒரு கணம் இழுபட்டு சுருதி மேலே ஏறி இறங்குகிறது, அடியிலுள்ள கம்பிகள் கூடுதலாக அதிர்கின்றன, ஒலியில் கூர்மை ஏறுகிறது. மெதுவான அடியின் பதிவை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அது ஓங்கிய அடியாகாது. அதனால் பூப்போல வருடுவதிலிருந்து முழுக்கை வீச்சு வரை பல படிகளில் அடித்து, ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவுசெய்கிறார்கள். வெலாசிட்டி 30 வந்தால் ஒரு பதிவு, 110 வந்தால் வேறொன்று.

அதுவும் போதாது. ஒரே பதிவு வரிசையாக எட்டு முறை ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்; இயந்திரத் துப்பாக்கி மாதிரி இருக்கும். நிஜத்தில் குச்சி ஒரே புள்ளியில் இரண்டு முறை விழுவதில்லை. ஆகவே ஒவ்வொரு படிக்கும் சில மாற்றுப் பதிவுகள் வைத்து, முறை வைத்து ஒலிக்க விடுகிறார்கள். கணக்குப் போடுங்கள்: 10 படி, படிக்கு 5 மாற்று, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பிடிக்க 12 மைக் என்றால் ஸ்நேரின் நடுவில் விழும் அடிக்கு மட்டும் 600 பதிவுகள். கிட் லோடாக நேரம் எடுப்பது இதனால்தான். எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்ற முடியாது என்பதால், பல பிளக்-இன்கள் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மீதியை ஒலிக்க ஒலிக்க வட்டிலிருந்து எடுக்கும்.

இத்தனை உழைப்பும் வீணாகும் ஓர் இடம் உண்டு. சில பேடுகளும் கீபோர்டுகளும் லேசாகத் தட்டினாலே 120-ஐத் தாண்டிவிடும். அப்படியானால் 10 படியில் உச்சிப்படி மட்டும்தான் நமக்குக் கேட்கும். முதலில் மெதுவாக, அப்புறம் நடுத்தரமாக, அப்புறம் ஓங்கி அடித்து வரும் எண்ணைக் கவனியுங்கள். பரவல் இல்லையென்றால், எந்த அடிக்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் வெலாசிட்டி வளைகோட்டை வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம். நான் ஒரு கிட்டின் ஒலியை 'தட்டை' என்று மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். என் பேட் அனுப்பியதோ 118-க்கும் 127-க்கும் இடைப்பட்ட எண்கள் மட்டும்.

அந்த 12 மைக்கை வைத்து என்ன செய்வது? கிக்குக்கு அருகே ஒன்று, ஸ்நேருக்கு மேலும் கீழும், தலைக்கு மேலே ஓவர்ஹெட், தள்ளி நிற்கும் ரூம் மைக் என்று ஒவ்வொன்றும் தனிப் பாதை. பிளக்-இன் தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே ஸ்டீரியோவாகக் கலந்து தரும். பழகும் வரை அதுவே போதும். கிக்குக்கு மட்டும் கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போடவேண்டும் என்று தோன்றும் நாளில் மல்டி-அவுட்டைத் திறந்து, ஒவ்வொரு பாதையையும் மென்பொருளின் தனித்தனி சேனலுக்கு அனுப்பலாம்.

கடைசியாக, தாமதம். கணினி ஒலியைச் சிறுசிறு கட்டுகளாகத்தான் அனுப்புகிறது. கட்டின் அளவுக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் ஒரு கணத்து அளவீடு) என்றால், 128 சாம்பிள் பஃபருக்குத் தாமதம் சுமார் 3 மில்லி நொடி. டிரம்மிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும்போது ஒலி காதுக்கு வர எடுக்கும் நேரம் அது. 1024 என்றால் சுமார் 23 மில்லி நொடி, எட்டு மீட்டருக்கு அப்பால் இருக்கும் டிரம்மை வாசிப்பதற்குச் சமம். இதோடு ஆடியோ இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேரும். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்து வைத்து, மிக்ஸிங்கில் கணினி திணறத் தொடங்கினால் 1024-க்கு ஏற்றிவிடுவது வழக்கம். எண்கள் ஏற்கெனவே பதிவாகிவிட்டதால் அப்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மறுநாள் பேடில் உட்கார்ந்து, 'என்ன, எல்லாம் இழுபடுகிறதே' என்று கேபிளைக் கழற்றப் போவதற்கு முன் பஃபரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.