ஐந்தாவது வெட்டு

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்துக்குச் சிமென்ட் தளம் போட்டு, பலகை அறுக்கும் பழைய பேனல் சா இயந்திரம் ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறார். “சார், சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். மூன்று மூலை அம்சமாக உட்காருகிறது. நாலாவது மூலையில் மட்டும் இடுக்கு விழுகிறது. ஒருவர் மோட்டாரை மாற்று என்கிறார். இன்னொருவர் நகரும் மேசைக்குப் புது ரயில் போடச் சொல்கிறார். டிஜிட்டல் அளவு காட்டும் ஃபென்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். மைத்துனர் இயந்திரத்தைக் கிழக்கு பார்த்துத் திருப்பச் சொல்கிறார். எதை முதலில் செய்யட்டும்?”

மைத்துனர் யோசனையை முதலில் முடித்துவிடலாம். இயந்திரம் எந்தத் திசையைப் பார்த்தாலும் பலகைக்கு ஒன்றுதான். தரை மட்டமாக இருக்கிறதா, நான்கு காலும் ஆடாமல் ஊன்றி நிற்கின்றனவா என்று பாருங்கள், போதும். நானும் ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவன்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, பிளேடுக்குப் பின்னால் இருக்கவேண்டிய ரிவிங் நைஃப் என்ற சின்னத் தகட்டைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்குக் கோபம் வரும். 300 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் நொடிக்குச் சுமார் 63 மீட்டர், அதாவது மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல். பிளேடின் பின்பக்கப் பற்கள் மேலெழும்பி நம் பக்கமாகத்தான் திரும்பி வருகின்றன. உள்ளிறுக்கம் உள்ள மரம் வெட்டிய இடைவெளியை மூடிக்கொண்டு அந்தப் பற்களைக் கவ்வினால், பலகை நம் வயிற்றைக் குறிபார்த்துப் பறக்கும். இடைவெளியை மூடவிடாமல் நடுவில் நிற்பதுதான் அந்தச் சின்னத் தகட்டின் வேலை. அது உங்கள் இயந்திரத்தில் இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான். மற்றதெல்லாம் பிறகு.

சரி, இடுக்குக்கு வருவோம்.

பேனல் சாவின் சூட்சுமம் எளியது. சாதாரண டேபிள் சாவில் மேசை அசையாது, பலகையை நாம் தள்ளுவோம். இதில் பிளேடுக்கு இடப்பக்கம் ஒரு மேசை தண்டவாளத்தில் ஓடுகிறது. பலகை அதன்மேல் அசையாமல் படுத்திருக்க, மேசையே அதைச் சுமந்துகொண்டு பிளேடைக் கடக்கிறது. 1906-ல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் கொண்டுவந்த ஏற்பாடு இது. அவர் பெயரிலான நிறுவனம் இன்றும் ஜெர்மனியின் மிண்டன் நகரில் இதே வகை இயந்திரங்களைச் செய்துவருகிறது. மேசைமேல் குறுக்காக ஒரு அலுமினியச் சட்டம் இருக்கும். அதுதான் ஃபென்ஸ். பலகையை அதில் அணைத்து வைத்துத் தள்ளினால், ஃபென்ஸுக்கும் மேசை ஓடும் திசைக்கும் என்ன கோணமோ அதே கோணத்தில் வெட்டு விழும்.

அந்தக் கோணம் 90 என்று எப்படித் தெரியும்? மூலைமட்டம் வைத்துப் பார்ப்போம் என்பீர்கள். அந்த மூலைமட்டம் சரியென்று யார் சொன்னது? நான் ஒருமுறை நல்ல விலை கொடுத்து வாங்கிய மூலைமட்டமே கோணலாக இருந்தது. இரண்டு மாதம் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய ஆசாரிமார்கள் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தை அணைத்து ஒரு கோடு. அப்படியே புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. கத்தரி மாதிரி விரிந்தால், அந்த விரிசல் உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. ஒரு தடவை வலப்பக்கம் சாய்ந்த பிழை, புரட்டியதும் இடப்பக்கம் சாய்கிறது அல்லவா? இதில் ஒரு அழகு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான மூலைமட்டம் எதுவும் கையில் இல்லை. கோணல் மட்டத்தைக் கொண்டே அதன் கோணலைக் கண்டுபிடித்துவிட்டோம். போதாக்குறைக்கு அந்தப் பிழையையே இரண்டு மடங்காக்கிக் கண்ணுக்குக் காட்டவும் வைத்துவிட்டோம்.

பேனல் சாவுக்கு இதைவிட ஒரு படி மேலான சோதனை உண்டு. ஐந்து வெட்டுச் சோதனை என்பார்கள். முதன்முறை இது புரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மிகையாகச் சொல்லவில்லை.

அரை மீட்டருக்கு அரை மீட்டர் எம்.டி.எஃப் துண்டு, அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகைத் துண்டு ஒன்று எடுங்கள். பிளைவுட்டும் ஆகும், ஆனால் எம்.டி.எஃப் விளிம்பு மழுமழுவென்று இருப்பதால் வெர்னியர் வைத்து அளக்க வசதி. விளிம்பு கோணலாக இருந்தால் பரவாயில்லை. பக்கங்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். முதல் பக்கத்தை லேசாகச் சீவி வெட்டுங்கள். இப்போது புதிதாக வெட்டிய அந்தப் பக்கத்தை ஃபென்ஸில் அணைத்து, இரண்டாம் பக்கத்தை வெட்டுங்கள். இரண்டாவதை அணைத்து மூன்றாவது, மூன்றாவதை அணைத்து நான்காவது. எப்போதும் ஒரே திசையில் சுற்றவேண்டும், பலகையைக் கவிழ்க்கக் கூடாது. கடைசியாக நான்காவது பக்கத்தை ஃபென்ஸில் அணைத்து, முதல் பக்கத்தையே மறுபடி வெட்டுங்கள். இந்த ஐந்தாவது வெட்டில் மட்டும் கொஞ்சம் தாராளமாக, 25 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை கழன்று விழட்டும். அந்தப் பட்டைதான் நமக்கு வேண்டியது. பலகையைத் தூக்கிப் போட்டாலும் போடலாம்.

எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாற்கரத்தின் நான்கு கோணங்களைக் கூட்டினால் 360 பாகை. அது எந்த நாற்கரமானாலும் சரி, பேரமே கிடையாது.

ஃபென்ஸ் 90-க்குப் பதிலாக ஒரு துளி அதிகமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு வெட்டில் மூன்று மூலைகள் உருவாகின்றன: 1-க்கும் 2-க்கும் நடுவே, 2-க்கும் 3-க்கும் நடுவே, 3-க்கும் 4-க்கும் நடுவே. மூன்றிலும் 90-ஐவிட ஒரு துளி அதிகம். நாலாவது மூலையை நாம் வெட்டவில்லை, அது தானாக அமைந்தது. மொத்தம் 360-க்குள் அடங்கவேண்டுமே, அதனால் மற்ற மூன்றும் எடுத்துக்கொண்ட மூன்று துளியையும் அது விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆக, அங்கே 90-க்கு மூன்று துளி குறைவு.

இப்போது ஐந்தாவது வெட்டு. ஃபென்ஸுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அது வழக்கம்போல 90-க்கு ஒரு துளி அதிகமாகவே வெட்டும். மூன்று துளி குறைவாக நின்ற விளிம்பின்மேல், ஒரு துளி அதிகமான வெட்டு விழுகிறது. இரண்டுக்கும் இடையே நான்கு துளி வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுவதும் கழன்று விழுந்த பட்டையில் எழுதியிருக்கிறது. ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மைக்ராஸ்கோப் வேண்டாம், லேசர் வேண்டாம். பலகையே நாலு மடங்கு பெருக்கித் தருகிற கருவியாகிவிட்டது.

பொள்ளாச்சிக்காரரைத் தொலைபேசியிலேயே இதைச் செய்ய வைத்தேன். பட்டையின் நீளம் 480 மி.மீ. ஃபென்ஸோரம் இருந்த முனை 26.02, மறுமுனை 24.10. வித்தியாசம் 1.92. நான்கால் வகுத்தால் 0.48. அதாவது 480 மி.மீ. நீளத்தில் 0.48 மி.மீ. கோணல், மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். ஃபென்ஸோர முனை தடித்திருந்தால் கோணம் 90-க்கு மேல், மெலிந்திருந்தால் 90-க்குக் கீழ். இவருக்கு மேல்.

மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்தானே, அதற்கா இந்தப் பாடு என்று கேட்டார். ஒரு நூல் என்றாலே மூன்று மில்லிமீட்டருக்கு மேல், நூல் கணக்கில் வேலை செய்து பழகிய நம்மவர்களுக்கு இது தூசு. ஆனால் அவருடைய படச் சட்டத்தைப் பாருங்கள். ஃபென்ஸின் 90 தப்பியிருந்தால், அந்த 90-லிருந்து எண்ணி வைக்கும் 45-ம் அதே அளவு தப்பும். சட்டத்துக்கு நான்கு பட்டை, எட்டு முனை. அவர் தட்டையான பட்டைகளைத் திருப்பிப் போட்டு, ஒரே விளிம்பை ஃபென்ஸில் அணைத்து இரு முனையையும் வெட்டுகிறவர். எனவே எட்டு முனையிலும் பிழை ஒரே பக்கம். மூன்று மூலைகளைப் பசை போட்டு இறுக்கிவிட்டால் எட்டுத் துளியும் நாலாவது மூலையில் வந்து சேரும். 50 மி.மீ. அகலப் பட்டையில் மூலை வெட்டின் நீளம் சுமார் 70 மி.மீ. அங்கே அரை மில்லிமீட்டருக்கு மேல் இடுக்கு. முருகன் படத்துக்குப் பக்கத்தில் அது பளிச்சென்று தெரியத்தான் செய்யும். சோதனைப் பலகையில் நாலு மடங்கான பிழை, படச் சட்டத்தில் எட்டு மடங்காகிறது.

திருத்தம் சுலபம். ஃபென்ஸ் சுழலும் முளையிலிருந்து அது முட்டி நிற்கும் திருகு வரை அவருடைய இயந்திரத்தில் 900 மி.மீ. மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் அங்கே 0.9 மி.மீ. நகரவேண்டும். பைக் மெக்கானிக் டாப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜில் 0.9-க்கு இதழ்களைச் சேர்த்து, ஃபென்ஸுக்கும் திருகுக்கும் நடுவே வைத்து, அது பிடித்திருக்கும்படி ஃபென்ஸை நிறுத்தி, இதழை உருவிவிட்டுத் திருகை முட்ட வைத்து இறுக்கினால் ஆயிற்று. மறுபடி ஐந்து வெட்டு. இந்தமுறை பட்டை 25.16, 25.04. வித்தியாசம் 0.12, நான்கால் வகுத்தால் 0.03. அரை மீட்டர் நீளத்தில் தலைமுடித் தடிமன்கூட இல்லை. “இதற்கு எவ்வளவு செலவு?” என்றார். எம்.டி.எஃப் துண்டு வீட்டிலேயே கிடந்ததாம்.

அளவுகோல் இல்லாமலே அளவைப் பிடிக்கும் இந்த வித்தைக்கு ஒரு பெரியப்பா உண்டு. 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் ஜோசப் விட்வொர்த், தட்டையான உலோகத் தகடு செய்வது எப்படி என்று விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்தித் திருத்தினால் ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். மூன்றாவதைச் சேர்த்து, மாற்றி மாற்றி எல்லா ஜோடியும் பொருந்தும்படி சுரண்டிக்கொண்டே வந்தால், மூன்றும் தட்டையாக இருப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை. நம்முடைய லேத், மில்லிங் இயந்திரம் எல்லாம் இந்தத் தட்டைத் தகட்டின் வம்சம்தான். ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிற நாம், இப்படி அளவைப் பிடிக்கும் கலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறோம் என்று கேட்பதேயில்லை. நான் போய்ப் பார்த்த ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் சர்ஃபேஸ் பிளேட் என்ற அந்தத் தட்டைத் தகட்டின்மேல் டீ டம்ளர் வைத்திருந்தார்கள். அதைத் துடைத்து, பிள்ளைகளுக்கு ஒரு வாரம் அளவியல் மட்டும் சொல்லிக்கொடுக்கப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். இது என் புலம்பல், விடுங்கள்.

ஒரே ஒரு தடவை செய்த ஐந்து வெட்டு ஒன்றை மட்டும் மறைத்துவிடும்: இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தப்புகிறதா என்பதை. ஒரே சோதனையை மூன்று தடவை செய்யுங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால், அது எவ்வளவு பெரிய பிழையாக இருந்தாலும் கவலையில்லை. ஒழுங்காகத் தப்புகிற இயந்திரத்தை ஒரு திருகால் திருத்திவிடலாம். முதல் தடவை 1.9, அடுத்தது 0.4, மூன்றாவது எதிர்ப்பக்கம் 0.7 என்று தாவினால் ஃபென்ஸைத் தொட்டுப் பயனில்லை. எங்கேயோ லொடலொடப்பு இருக்கிறது. மேசை ஓடும் உருளைகள் தேய்ந்திருக்கலாம், தண்டவாளத்தில் மரத்தூள் கெட்டியாகப் படிந்திருக்கலாம், ஃபென்ஸின் முளை தளர்ந்திருக்கலாம். முதலில் துடைத்து, பிறகு இறுக்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், புது ரயில் போடச் சொன்ன நண்பர் சொன்னதைக் கேட்கலாம். டிஜிட்டல் ஃபென்ஸ் நீளத்தைத்தான் காட்டும், கோணத்தைப் பற்றி அது வாயே திறக்காது. மோட்டாரை மாற்றினால் இதே கோணலை இன்னும் வேகமாக வெட்டலாம்.

முதல் பட்டையைத் தூக்கிப் போடவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அதில் பென்சிலால் தேதியும் இரண்டு எண்களும் எழுதி, இயந்திரத்துக்குமேல் ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். என் பட்டறையில் அப்படிப் பதினேழு தொங்குகின்றன.