அய்யா காலத்துத் துப்பாக்கியும் பூட்டிய வீடும்

காரைக்குடி, தேவகோட்டை கோர்ட்டுகளில் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவனுக்கு ஆயுதச் சட்டப் புத்தகம் எதற்கு என்று ஜூனியர்கள் கேட்பதுண்டு. பெரிய வீட்டுச் சாமான் பட்டியல் ஒன்றை உட்கார்ந்து எழுதினால் பதில் கிடைத்துவிடும். வெள்ளி, பித்தளை, எனாமல் பாத்திரம், பர்மாத் தேக்கு அலமாரி எல்லாம் ஏறிய பிறகு பங்காளிகளில் ஒருவர், "ரெண்டாங்கட்டு அறையில அய்யாவோட துப்பாக்கி ஒண்ணு கெடக்கு" என்பார். லைசென்ஸ்? "அது அய்யா பேர்ல இருந்துச்சு." அய்யா காலமாகி இருபது வருஷம் ஆகியிருக்கும்.

இன்னொரு வகைக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். ஊரில் தனியாக இருக்கும் வயதான தம்பதிகள். மகன் டெக்சாஸிலிருந்து போனில், "அப்பச்சி, இங்க வீட்டுக்குள்ள எவனாவது நுழைஞ்சா சுட்டுடலாம். நீங்களும் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க" என்கிறார். அக்கம்பக்கத்தில் நகைக்காக முதியவர்களைத் தாக்கிய செய்தியைப் படித்த பயம் அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையும் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையும் அமெரிக்காவில் பின்னிக் கிடக்கிறபடி இங்கே கிடக்கவில்லை.

அங்கே 1791இல் சேர்ந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தத்தை வைத்து, வீட்டுத் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. 2022இல் ப்ரூயன் வழக்கு அதை வெளியிடங்களுக்கும் நீட்டியது. அங்கேயும் சண்டை ஓயவில்லை. குடும்ப வன்முறைக்காகக் கோர்ட்டால் தடையாணை விதிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 2024இல் ரஹிமி வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

நம் அரசியல் சட்டத்தில் அப்படியொரு வரி கிடையாது. 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஆயுதம் வைத்திருப்பதை 21ஆவது பிரிவின் வாழ்வுரிமையோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதைத் தள்ளிவிட்டது. லைசென்ஸ் என்பது கலெக்டர் விசாரித்துத் தரும் அனுமதிதான். (இந்த மண்ணுக்கு ஆயுதத் தடை புதிதும் அல்ல. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், பாளையக்காரர் சீமைகளில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்து பிரகடனம் போட்டார்.)

தற்காப்பு உரிமை அப்படியல்ல. அதற்கு யாரிடமும் மனுப் போட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையானவற்றின் இடத்தில் வந்தவை. பலர் நினைப்பதைவிட இந்த உரிமை அகலமானது. அடுத்தவர் உடலையும் சொத்தையும் காப்பதும் இதில் சேரும். முதலாளி கோலாலம்பூரில் இருந்தாலும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரருக்கு இந்த உரிமை உண்டு.

41ஆவது பிரிவுதான் நம் ஊருக்கு முக்கியம். கொள்ளை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், சூரியன் மறைந்த பிறகு உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல் ஆகியவற்றைத் தடுக்கும்போது நுழைந்தவன் உயிர் போனாலும் தற்காப்பு நிற்கும். உடைத்தல் என்றால் கதவைப் பெயர்த்தால்தான் என்றில்லை. மதில் ஏறி வந்தாலும், ஓட்டைப் பிரித்து வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்குள்) இறங்கினாலும், பூட்டைத் திறந்தாலும் அதுதான். ஆனால் இது 37ஆவது பிரிவுக்குக் கட்டுப்பட்டது: தேவைக்கு மேல் காயம் கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே எழாது. பகலில் தோப்பில் தேங்காய் பறித்தவனையும், ராத்திரி கத்தியோடு முற்றத்தில் நிற்கிறவனையும் சட்டம் ஒரே கணக்கில் வைக்காது.

கோர்ட்டில் இது எப்படி உடைகிறது என்றால், பெரும்பாலும் காயம் இருக்கும் இடத்தில். 1962இல் ஜெய்தேவ் வழக்கில், தாக்க வந்தவர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டதைத் தற்காப்பாக ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆபத்து விலகியதும் உரிமையும் விலகிவிடுகிறது. முதுகில் பட்ட குண்டுக்கு விளக்கம் சொல்ல எந்த வக்கீலும் திணறுவார். மறுபக்கம், உயிர்ப்பயத்தில் இருப்பவன் எத்தனை அடி அடிக்கலாம் என்று பொன் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று 1952இல் அம்ஜத் கான் வழக்கில் சொன்னதும் இதே நீதிமன்றம்தான். 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் துப்பாக்கியால் சுட்டவரையே தற்காப்பு என்று விடுவித்திருக்கிறார்கள். தற்காப்பை நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் இருந்தாலும், அரசுத் தரப்பு அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். அதைக் காட்டுவதற்கு, 112க்கு நீங்களே முதலில் போன் செய்தது, ஒரு பொருளையும் நகர்த்தாமல் விட்டது போன்ற சின்ன விஷயங்கள்தான் கைகொடுக்கின்றன.

மதிலில் கரண்ட் கம்பி போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டவே வேண்டாம். செருபின் கிரிகரி வழக்கில் கழிப்பறைக்குள் அயலார் நுழையாமலிருக்க வீட்டுக்காரர் மின்கம்பி போட்டார். ஒரு பெண் இறந்துபோனார். அத்துமீறி நுழைந்தவர்தானே என்ற வாதம் எடுபடவில்லை, தண்டனை உறுதியானது. வயலில் காட்டுப்பன்றிக்குப் போடும் கம்பிக்கும் இது பொருந்தும். கம்பிக்கு ஆள் அடையாளம் தெரியாது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தெடுக்க ஏறினாலும் அடிக்கும்.

இனி அந்த ரெண்டாங்கட்டுத் துப்பாக்கி. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. ஒப்படைத்ததால் சொத்து போய்விடாது. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி மீட்கலாம், தகுதியுள்ளவருக்கு விற்கலாம். விதிக்கப்பட்ட காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால்தான் அரசுக்குப் போகும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷச் சிறை. அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை 3இலிருந்து 2 ஆகக் குறைத்தது.

"வீடு இருபது புள்ளிக்குப் பொது, யார்மேல் கேஸ் போடுவார்கள்?" என்று ஒரு சமாதானம் உண்டு. (புள்ளி என்பது ஒரு குடும்பக் கணக்கு.) 1972இல் குன்வந்த்லால் வழக்கிலேயே, ஆயுதம் கையில் இருக்க வேண்டியதில்லை, அது இருப்பது தெரிந்து தன் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் மாட்டுவார். சாமான் பட்டியலில் எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகு "எனக்குத் தெரியாது" என்பது செல்லாது. ஆகவே பட்டியலில் எழுதாமல் விட்டுவிடலாமே என்று யோசிக்கிறவர்களுக்கு என் அலுவலகத்தில் இடமில்லை.

துருப்பிடித்தது, பழம்பொருள், சுவரில் மாட்டத்தான் என்பார்கள். வழக்கொழிந்த வகை, பழம்பொருள் மதிப்புள்ளது அல்லது பழுதானது என்றால் 45ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். அதை ஆயுதம் தெரிந்த நிபுணர் சொல்ல வேண்டும். நீங்களோ நானோ காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரரோ சொன்னால் போதாது.

உயிரோடிருக்கும் பெரியவர்கள் கவனிக்க வேண்டியது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆவது விதி. 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இதில் எது முந்தியோ அப்போதே தான் விரும்பும் வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். இருக்கும்போதே செய்தால் ஒரு கையெழுத்து. இறந்த பிறகென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளின் சம்மதக் கடிதம் என்று இழுத்துக்கொண்டே போகும். பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் எறியாதீர்கள். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அதற்கு முந்தையது இராமநாதபுரம் கலெக்டர் முத்திரையோடு இருக்கும்.

"இப்ப கொண்டுபோய்க் கொடுத்தா நம்மளையே பிடிச்சுப் போட்டா?" எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு வழக்குத் தொடர 39ஆவது பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் கொண்ட கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். தானாக முன்வந்து எழுத்து மூலம் ஒப்படைத்தவர் கோப்பும் சோதனையில் பிடிபட்டவர் கோப்பும் அவர் மேசையில் ஒன்றாகத் தெரியாது. துப்பாக்கியை நீங்களே பைக்கில் சுமந்துகொண்டு போக வேண்டாம். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்க்கவும் வேண்டாம். இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ், கண்டெடுத்த விவரம் எழுதிய மனு ஆகியவற்றோடு வக்கீலை முதலில் ஸ்டேஷனுக்கு அனுப்பி, அவர்களை வீட்டுக்கு வரச்செய்து எடுக்கச் சொல்லுங்கள். குழல் எண் எழுதிய ரசீது வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.